அத்தை சேர்த்த மூலநிதியும் மேல்மலையனூரில் நான் செய்த சத்தியமும்

அன்புள்ள பெரியவளுக்கும் சின்னவனுக்கும்,

என் அக்கா, உங்கள் அத்தை, நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்குகிற உறவினர்களுக்கும், அத்தையிடம் படித்த பெண்களுக்கும் அவரது பெருமைகள் தெரியும். கல்லூரி ஆசிரியர்கள் முன்பக்கங்களில் அவற்றை அழகாக எழுதியிருக்கிறார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். மண்டியில் எடை போடுகிறவன். எனக்கு எழுதுவதற்கு ஒரு விஷயம்தான் இருக்கிறது. அதை எழுதப் பயமாக இருக்கிறது. உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். சத்தியம் ஊரறியச் செய்தது என்பதால் ஊரும் படிக்கட்டும்.

அத்தை முகையூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். கேப்பையும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைகிற மானாவாரி நிலம் எங்கள் அப்பாவுக்கு. எங்கள் வீட்டில் பள்ளி இறுதி வகுப்பு தாண்டிய ஒரே ஆள் அத்தைதான். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே மஞ்சள் காமாலையில் கணவரை இழந்தார். பிள்ளை இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்துத் திண்டிவனத்தில் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். என்னையும் கூட்டி வந்து மல்லாட்டை மண்டியில் சேர்த்துவிட்டார். என் கல்யாணத்தை நடத்தியதும், நீங்கள் பிறந்தபோது பேர் வைத்ததும் அவர்தான்.

பிளஸ் டூ வந்த புதிதில் அவரிடம் படித்த பெண்கள் நல்ல மார்க் வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். மெட்ராசுக்கோ பாண்டிக்கோ அனுப்ப யாரும் துணியவில்லை. இந்தப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் கல்லூரி வேண்டும் என்று அத்தையும் இன்னும் சிலரும் முயற்சி எடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டதற்கு, முதலில் மூலநிதி சேர்த்துக் காட்டுங்கள் என்றார்கள். அந்தப் பணத்தைப் பல்கலைக்கழக அதிகாரி பேரில் விழுப்புரத்து வங்கியில் வைப்பாகப் போட்டுவிட வேண்டும். முதலை யாரும் தொடக் கூடாது. வருகிற வட்டிதான் கல்லூரிக்கு.

மண்டிகளில் கோயிலுக்கும் குளத்துக்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடிப்பது பழைய வழக்கம். அதைக் கல்லூரிக்கும் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னவர் என் முதலாளி. அவர் எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கும் அத்தைக்கும் மாமா முறை. அவர் சொன்னதால்தான் விவசாயிகள் கொடுத்தார்கள். மூன்று போகம் மகமை சேர்ந்தது. அத்தை ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் போய்க் கேட்டார். சேரச் சேர வங்கியில் போட்டார். வட்டியும் முதலோடு சேர்ந்து வளர்ந்தது. ஆனால் கண்ணுக்கு ஒரு செங்கல்லும் தெரியவில்லை.

"காலேஜு எங்கம்மா?" என்று பணம் கொடுத்தவர்கள் கேட்டார்கள்.

"வெத மல்லாட்டைய வறுத்துத் தின்னுட்டா அடுத்த போகத்துக்கு என்னா பண்ணுவீங்க? அது மாதிரிதான் இந்தப் பணம்" என்பார் அத்தை.

ஒருநாள் ஒருவர் பதில் சொன்னார். "வெதைன்னா வெதைக்கணும் டீச்சரம்மா. மூட்டையிலயே வெச்சிருந்தா எலிதான் தின்னும்."

எல்லாரும் சிரித்தார்கள். எலி யார் என்று சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

அதற்குப் பிறகு மொட்டைக் கடுதாசிகள் வந்தன. அத்தை வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. அவர் பள்ளிக்கூடம் போகும்போது பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானும் போவேன். "எதுக்குடா வால் மாதிரி வர?" என்பார். "எனக்குப் பயமா இருக்குதுக்கா" என்று சொல்ல வாய் வராது.

ஒருநாள் பணம் கொடுத்தவர்களில் பத்துப் பதினைந்து பேர் மண்டிக்கு வந்துவிட்டார்கள். மாமா அத்தைக்கு ஆள் அனுப்பினார். மூட்டைகளுக்கு நடுவில் அத்தை நின்றார்.

"பேங்கு ரசீதக் காட்டும்மா, போதும். நான் இவங்களுக்குப் பதில் சொல்லணும்" என்றார் மாமா.

"அது யூனிவர்சிட்டி ஆபீஸ்ல இருக்குது மாமா. அப்ளிகேஷனோட வெக்கச் சொன்னாங்க. இதோ டைப் அடிச்ச நகல்."

மாமா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தன் மிஷின் வெச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கறான். அஞ்சு ரூபா குடுத்தா என்னையே கலெக்டர்னு அடிச்சிக் குடுப்பான்."

"அப்போ மேல்மலையனூர் வர்றேன். அங்காளம்மன் முன்னால கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்றேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் பின்னால் நின்ற ஒரு பெரியவர் சொன்னார்: "நீ ஒத்த ஆளும்மா. புள்ளயா, குட்டியா? உன் சத்தியம் பொய்யானா யாருக்கு என்னா நஷ்டம்? உன் தம்பி பண்ணட்டும். அவனுக்கு ரெண்டு இருக்குது."

அத்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"புள்ளைங்கள இழுக்காதீங்க" என்றார் அத்தை. "வேணும்னா எல்லாத்தையும் திருப்பி வாங்கித் தந்துடறேன். வைப்ப ஒடச்சிட்டா காலேஜு போச்சு, அவ்ளோதான்."

"வர்ற அமாவாசை வரைக்கும் டைம்" என்றார் மாமா. "ரசீது வந்தா ரசீது. இல்லன்னா மாப்ள சத்தியம் பண்ணுவான். என்னா மாப்ளே?"

நான் சரி என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. இல்லை என்றால் அங்கேயே அக்காவைத் திருடி என்று சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் சொன்னேன்.

ரசீதைச் சில நாளைக்குத் திருப்பித் தரும்படி அத்தை பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அமாவாசைக்கு முதல்நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கழுவிய குண்டானையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"ரசீது வந்துச்சாக்கா?"

"இல்ல."

"போஸ்ட்மேன் காலையில வந்தான்னு சொன்னாங்களே."

"அது வேற லெட்டரு."

அத்தை பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். அக்கா பணத்தைத் தொட்டிருப்பாரோ? யாருக்காவது கைமாற்று கொடுத்து மாட்டிக்கொண்டாரோ? திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். தொட்டேன் என்று சொல்லிவிட்டால் மறுநாள் நான் எப்படிச் சத்தியம் செய்வேன்? அதனால் கேட்கவில்லை.

மறுநாள் உங்கள் அம்மாவிடம் சாமி கும்பிடப் போகிறோம் என்று மட்டும் சொல்லி உங்கள் இருவரையும் கூட்டிப் போனேன். பெரியவளே, நீ மூன்றாவது படித்தாய். சின்னவனே, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அந்த அமாவாசைக் கூட்டத்தில் பொரி வாங்கித் தின்றது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

உச்சிவேளை. தரை சுட்டது. மாமாவும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். இடது கையை உங்கள் தலைகளில் மாற்றி மாற்றி வைத்தேன். வலது கையைத் தூக்கியபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

"எங்க அக்கா அந்தப் பணத்துல ஒரு பைசா தொடல. பணம் பேங்குல பத்திரமா இருக்குது. இது எனக்குத் தெரியும். பொய்யா இருந்தா இந்த ரெண்டு புள்ளைங்களும் எனக்கு இல்ல" என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்து அணைத்தேன்.

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது, பிள்ளைகளே. பணம் இருந்ததோ இல்லையோ, என் சத்தியம் பொய்ச் சத்தியம். இதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பெரியவளே, ஒன்பதாம் நாள் உனக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்றார்கள். கண் செருகிப் பிதற்றினாய். திண்டிவனத்து டாக்டர் பாண்டிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் மூலம் உங்கள் அம்மாவுக்குச் சத்தியம் செய்த செய்தி தெரிந்தது. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பெத்த புள்ளைங்கள வெச்சா சூதாடின?" அதன் பிறகு என்னோடு பேசவில்லை. சின்னவனை மடியை விட்டு இறக்கவே இல்லை. அவன் தும்மினால் நாங்கள் இருவரும் திடுக்கிட்டுப் பார்ப்போம்.

இரண்டு நாள் கட்டிலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்த அத்தை மூன்றாம் நாள் காலையில் எழுந்து, "நான் மெட்ராஸ் போயிட்டு வர்றேன்" என்றார். குழந்தை இப்படிக் கிடக்கும்போது எதற்கு என்று கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓடிப்போகிறார் என்று நினைத்தேன். கூடப் பிறந்த அக்காவைப் பற்றி அப்படி நினைத்தேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

போன நான்காம் நாள் திரும்பி வந்தார். அதே புடவை. உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "பயப்படாத. இனிமே ஒண்ணும் ஆவாது" என்றார். காய்ச்சல் இறங்க இன்னும் ஒரு வாரம் ஆனது. ஆனால் அத்தை அன்றைக்கே சாப்பிட உட்கார்ந்தார்.

பொங்கல் கழிந்து பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் வந்து பார்வையிட்டார்கள். வங்கி ரசீதை எல்லார் முன்னாலும் மேசையில் வைத்தார்கள். மாமா கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆண்டே ஒரு மல்லாட்டைக் கிடங்கை வாடகைக்கு எடுத்துக் கல்லூரி தொடங்கியது. மூலநிதியை இன்றுவரை யாரும் உடைக்கவில்லை. வட்டியில் ஒரு பங்கு முதலோடு சேர்ந்துகொண்டே போகிறது.

எல்லாம் நல்லபடி முடிந்ததே, இன்னும் என்ன பயம் என்று கேட்பீர்கள். பணம் உண்மை, சத்தியம் பொய். சாமி இதில் எதைக் கணக்கில் வைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சின்னவன் சைக்கிளில் விழுந்து கை ஒடிந்தபோதும், பெரியவள் பஸ்ஸில் வரத் தாமதமான போதும் எனக்கு அந்தக் கற்பூரம்தான் ஞாபகம் வரும்.

சென்ற ஆண்டு அத்தைக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து பாண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு மத்தியானம், உங்கள் அம்மா வெளியே போயிருந்த நேரத்தில், நான் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு உன்ன நம்பாமதான் சத்தியம் பண்ணேன்க்கா. தெரியும்னு சொன்னது பொய்யி."

அத்தை கோபப்படவில்லை.

"எனக்கும் தெரியாதுடா" என்றார்.

"என்னாக்கா சொல்ற?"

"அமாவாசைக்கு மொத நாள் வந்துச்சே லெட்டரு, அது யூனிவர்சிட்டிலருந்து வந்ததுதான். ஃபைல்ல ரசீதக் காணோம், தேடறோம்னு எழுதியிருந்தாங்க. பேங்குக்கு ஓடினேன். அது அதிகாரி பேர்ல இருக்குது, ஒங்களுக்குச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. எவனாவது எடுத்துட்டிருப்பானோ, பணம் இருக்குதோ இல்லியோன்னு எனக்கே தெரியாது. அந்த லெட்டர் என் பையில இருக்கச்சொல்ல நீ புள்ளைங்க தலைல கை வெக்கற."

"என் கையப் புடிச்சியே."

"புடிச்சேன். நிறுத்தணும்னுதான் புடிச்சேன். நிறுத்தினா காலேஜு போயிடும். விட்டுட்டேன்டா."

மெட்ராசில் அவர் மூன்று நாள் பல்கலைக்கழக ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, வேறொரு கல்லூரியின் ஃபைலுக்குள்ளிருந்து ரசீதைத் தேடி எடுக்க வைத்திருக்கிறார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், பெரியவளே, உன் கட்டிலுக்கு வர அவருக்குத் துணிவு வந்திருக்கிறது.

"புள்ளைங்ககிட்ட நீ சொல்லிடு. எனக்கு தைரியம் இல்ல" என்றார். அதற்கு ஆறாம் நாள் போய்விட்டார்.

சொல்லிவிட்டேன். உங்கள் அம்மாவும் இதை இப்போதுதான் படிக்கிறாள்.

அத்தையின் கடைசி நாட்களில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட பாண்டி ஆஸ்பத்திரி நர்சம்மாக்களுக்கும், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற கல்லூரிப் பெண்களுக்கும், தள்ளாத வயதிலும் பாடைக்குத் தோள் கொடுத்த மாமாவுக்கும், இந்தக் காரியங்களில் உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்கள் இருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரி வாசல் கல்வெட்டில் கொடுத்தவர்கள் பேர் வரிசையாக இருக்கிறது. நம் குடும்பத்தின் பேர் அதில் இல்லை. நான் எதுவும் கொடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அத்தையும் உங்களைக் கேட்காமல் உங்களைத்தான் கொடுத்தோம். நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். வெளியில் போகும்போது மட்டும் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள் அப்பா