மெஷினாக இருந்த ஒன்பது மாதம்

முதுகலைக் கணிதம் படித்துவிட்டு ஒன்பது மாதம் நான் மெஷினாக வேலை பார்த்தேன். கம்பத்தில் நான் பாடம் நடத்திய தனியார் பள்ளியைவிடச் சம்பளம் சற்றுக் கூடுதல். வேறு பெருமையான காரணம் எதுவும் இல்லை.

தேனியில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். பள்ளிப் பிள்ளைகள் செல்போன் செயலியில் கணக்கைப் படம் பிடித்து அனுப்புவார்கள். செயற்கை நுண்ணறிவு ஆசான் விளக்கம் தருவார் என்று விளம்பரம். அந்த ஆசான் நாங்கள்தான். 'கண்ணு', 'தங்கம்' என்றெல்லாம் எழுதக்கூடாது, சொந்தக் கதை பேசக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். எழுத்துப்பிழை கூடவே கூடாது. மெஷினுக்குப் பிழை வராதாம்.

கம்பெனியைத் தொடங்கிய இளைஞர் பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். ஒரு நாள்கூட வகுப்பில் நின்று பாடம் நடத்தாதவர். ஆசிரியர்களின் காலம் முடிந்துவிட்டது என்று எங்களிடமே பேசுவார். எதிரே பன்னிரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படாது. பாடம், படிப்பு என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பயனர், வளர்ச்சி, அடுத்த சுற்று முதலீடு, இவ்வளவுதான் அவர் பாஷை.

கூடலூரிலிருந்து பஸ்ஸில் வரும் தோழி ஒருத்தி சொல்வாள்: "நம்ம இல்லவே இல்லன்னு சொல்றதுக்குத்தான் இந்தாளு நமக்குச் சம்பளம் தாராரு."

ஒரு நாள் முதலீட்டாளர்கள் இருவரை அவர் அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு சிறு பள்ளிக்கு அழைத்து வந்தார். ஆங்கிலம் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க நானும் போனேன். அவர்கள் எதிரே பதில் தாமதமாகக்கூடாது; மற்ற பதினொரு பேரும் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழக்கூடாது என்று உத்தரவு.

வந்தவர்களில் மூத்தவர், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் இந்த மெஷினைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"இது மிசினு இல்ல டீச்சர்," என்றாள் அவள். "எங்க மாமா தேனியில மில்லுல இருக்காக. அங்கன கரண்டு போற அன்னைக்கெல்லாம் இதுவும் பேசாது. ஒருக்க என்னைய சாப்ட்டியான்னு கேட்டாக. மிசினு அதெல்லாம் கேக்குமா?"

நிறுவனர் பல்லைக் காட்டிச் சிரித்தபடி என் காதருகே வந்தார். "ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லிடுங்க மேடம்."

அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வேலை போகட்டும், இந்த மோசடி இன்றோடு முடியட்டும் என்று நினைத்தேன்.

மூத்தவர் கையிலிருந்த இளநீரை உறிஞ்சி முடித்தார். "எங்களுக்குத் தெரியும்," என்றார் ஆங்கிலத்தில். "இந்த ஊரில் மெஷினைவிட மனிதர்கள் மலிவு. இப்போதைக்கு இதுவே போதும்."

மற்றவர் தலையாட்டினார். நிறுவனருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதுவரை அவரை மட்டும்தான் அற்பம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு மேலே இருப்பவர்களுக்காவது ஏமாறும் அளவுக்கு நேர்மை இருக்கும் என்று நம்பியது என் மடத்தனம்.

"என்ன டீச்சர் சொல்றாக?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நீ சொன்னது சரின்னு சொல்றாக," என்றேன்.

என்னை வேலையைவிட்டு அனுப்பக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நான் சொன்ன உண்மைக்கு அவ்வளவுதான் மதிப்பு. முதலீடு வந்தது. அந்தப் பணத்தில் நிஜமாகவே ஒரு மெஷினை வாங்கி, நாங்கள் எழுதிய விளக்கங்களை எல்லாம் அதற்குத் தீனியாகப் போட்டார்கள். பிறகு ஒரு மத்தியானம் வீடியோ காலில் எங்கள் பன்னிரண்டு பேரையும் வேலையிலிருந்து எடுத்தார் நிறுவனர். தன் முகத்தைக் காட்டவில்லை. 'நாம ஒரே குடும்பம்' என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அந்த மெஷின் பின்னக் கணக்குகளைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகள் விலகினார்கள், அடுத்த முதலீடு வரவில்லை. ஒரு நாள் செயலி திறக்கவே இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு வரி அறிவிப்புக்கூடக் கொடுக்கவில்லை.

நான் பழைய பள்ளிக்கே திரும்பிவிட்டேன். போன மாதம் அந்த நிறுவனர் போன் செய்தார். தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் பேச்சுத்துணை மெஷின் செய்யப்போகிறாராம். "உங்கள மாதிரி பொறுமையான ஆளுங்க வேணும் மேடம்," என்றார்.

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் என்று சொல்லிப் போனை மேசைமேல் வைத்துவிட்டு, மீதமிருந்த தாள்களைத் திருத்தி முடித்தேன். அவர் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று தெரியாது.