கண்டக்டர் பொன்னுரங்கத்தின் வயிறு

பொன்னுரங்கம் எங்கள் வண்டியின் கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிற தனியார் பஸ் அது. டிரைவர் நான், முகம்மது கவுஸ். மலைச் சனம் சாமை மூட்டையோடு வந்தால் அவனே தூக்கி மேலே போடுவான். படியில் தொங்குகிறவர்களிடம் மட்டும் எரிந்து விழுவான். நல்ல மனுஷன், வாய்தான் ஜாஸ்தி.

எண்பத்தேழு ஆடியில் அவனுக்குக் காய்ச்சல், வாந்தி, பேதி எல்லாம் சேர்ந்து வந்தன. வைரஸ் என்றார் டாக்டர். காய்ச்சல் சீக்கிரமே விட்டது, வயிறு விடவில்லை. பாதி மலையில் விசில் ஊதுவான். நான் வண்டியை ஓரங்கட்டுவேன், அவன் புதருக்குள் ஓடுவான். ஜன்னலெல்லாம் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்குத்தான் வயிறு இல்லை?

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. "இனிமே உனக்காக வண்டி நின்னுச்சுன்னா, பைய கழட்டி வச்சிட்டுப் போய்க்கினே இரு" என்று சொல்லிவிட்டார். பை போனால் பொன்னுரங்கம் கரும்பு வெட்டத்தான் போகவேண்டும். அந்த உடம்பில் அதுவும் முடியாது.

எங்கள் பக்கம் உடம்புக்கு முடியாதவனுக்குச் சோறு ஆகாது. பாலும் பன்னும்தான். அவன் பெண்டாட்டி சாலம்மாள் வேளைக்கு ஒரு செம்புப் பால் டீக்கடையில் வாங்கிவந்து குடிக்கவைத்தாள். ஆள் இளைக்க இளைக்கப் பாலைக் கூட்டினாள்.

புரட்டாசியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் ஓடவில்லை, டீக்கடையும் பூட்டிக் கிடந்தது. சாலம்மாள் வேறு வழியில்லாமல் வெறும் உப்புக் கஞ்சி காய்ச்சினாள்.

கலவரம் ஓய்ந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். சாலம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பாய், பாலு இல்லாத வரைக்கும் இவரு வவுறு அடங்கி இருந்துச்சுங்க. நேத்து கட தொறந்துச்சேன்னு ஒரு டம்ளர் குடுத்தேன். மறுபடியும் ஓடுறாரு."

"அப்ப பாலுதாம்மா சனியன்" என்றேன்.

"பாலு போயி இன்னா பாய் பண்ணும்?" என்றான் பொன்னுரங்கம் உள்ளிருந்து.

"பண்றத பாத்துக்கினுதான கீற? கொஞ்ச நாளு தொடாத."

பஸ் ஓடத் தொடங்கிய அன்று, மலையடிவாரக் கடையில் எங்களுக்குச் சும்மா கொடுக்கும் டீயைத் தள்ளிவிட்டுக் கடுங்காப்பி கேட்டான். வண்டி மலை ஏறியது. என் காதெல்லாம் அவன் விசில்மேலேயே இருந்தது. விசில் வரவில்லை. ஆனால் ஒரு வளைவில், சாய்த்த மரத்தைப் பாதிதான் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். பிரேக் போட்டேன்.

மொத்த வண்டியும் திரும்பிப் பொன்னுரங்கத்தைப் பார்த்தது. பின்னால் எவனோ சிரித்தான்.

"மரம்யா. எறங்கித் தள்ளுங்க" என்றான் அவன்.

ஆம்பளைகள் இறங்கினார்கள். "நீயும் வந்து ஒரு கை குடுடா" என்றேன்.

அவன் பையை மடியில் இறுக்கிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"நான் எறங்க மாட்டேன் பாய். எறங்கினத எவனாவது பாத்தா, மரத்துக்குத்தான்னு சொன்னா நம்புவானுங்களா?"

நான் போய் மரத்தைத் தள்ளினேன்.