மூன்று அடுப்புக்கு ஒரு குழாய்

நான் எரிவாயுக் குழாய் வேலை செய்கிறவன். உரிமம் வைத்திருக்கிறேன். ஒரு கடையின் குழாயை நான் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே அடுப்பு எரியும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய அதிகாரம் மாதிரித் தெரியும். எனக்கு ஒவ்வொரு முறையும் பயம்தான். ஆனாலும் திமிருக்குக் குறைச்சல் இல்லை. இணைப்பை முறுக்கி முடித்ததும் எல்லாரும் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுப்பார்கள். நான் இரண்டு கோடு இழுப்பேன், பார்த்தவுடன் என் வேலை என்று தெரியட்டும் என்று.

போன தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் என் அக்கா சாப்பாட்டுக் கடை திறப்பதாக இருந்தது. அவள் பல வருடம் ஒரு பள்ளிக்கூடத்து கேன்டீனில் கடை வைத்திருந்தவள். அந்தப் பள்ளியை இன்னொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள், கடை போய்விட்டது. அதன்பிறகு உட்லண்ட்ஸ் வீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். போய்ப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். கடை என்று ஒன்று அமைந்ததும்தான் பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் புது அடுப்பில் பால் காய்ச்ச நேரம் குறித்து வைத்திருந்தாள்.

சிக்கல் குழாயில் இருந்தது. அந்த வரிசையில் மூன்று கடைகள். முதலில் பரோட்டாக் கடை, நடுவில் பலகாரக் கடை, கடைசியில் அக்கா. ஒரு காலத்தில் மூன்றும் சேர்ந்து ஒரே உணவகம். நான் உரிமம் வாங்கிய புதிதில் அங்கேயும் ஏதோ வேலை செய்திருக்கிறேன், என்ன வேலை என்று நினைவில்லை. உணவகம் மூடியபின் சுவர் வைத்து இடத்தை மூன்றாக்கினார்கள். குழாயை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. பின்சந்து மீட்டரிலிருந்து கிளம்பி, பரோட்டாக் கடைக்குள் நுழைந்து, பலகாரக் கடையின் பொய்க்கூரைப் பலகைகளுக்கு மேலே மறைந்து ஓடி, அக்கா கடையில் வந்து முடியும்.

மீட்டர் வரைக்கும் விநியோகிப்பவர் பொறுப்பு, அதைத் தாண்டினால் குழாயின் உரிமையாளர் பொறுப்பு. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. சோதனைப் படிவத்தில் உரிமையாளர் என்று ஒரு கட்டமும் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் கையெழுத்து வாங்க இரண்டு வாரம் அலைந்தேன்.

"என் கடைக்குள்ள நுழைஞ்சு போகுது, அவ்ளோதான். முடியறது உங்க அக்கா கடையில தானே? அவங்களையே சைன் பண்ணச் சொல்லுங்க" என்றார் பரோட்டாக் கடைக்காரர்.

பலகாரக் கடை அம்மா அதற்கும் மேலே. "என் தலைக்கு மேல போறதெல்லாம் என்னுதா, தம்பி? ஏரோப்ளேனும்தான் மேல போகுது லா."

இட உரிமையாளர்கள் மூன்று பேரும் வாடகைக்கு இருப்பவர்களைக் கைகாட்டினார்கள். எரிவாயுத் துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். குழாய் தனியார் சொத்து, அவர்களே பேசி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இன்னார்தான் என்று நாங்கள் சொல்ல முடியாது என்றார். கடைசியில் அக்காவே கையெழுத்துப் போட்டாள். அடுத்தவர் கூரைக்கு மேல் ஓடும் குழாய்க்கும் சேர்த்து அவள் பொறுப்பாளி ஆனாள். எனக்கு அப்போதே மனசு சரியில்லை.

பால் காய்ச்சும் நாளன்று காலை ஏழு மணிக்கு மூன்று கடைக்கும் கேஸை நிறுத்தினேன். குழாயில் காற்றை ஏற்றி, அழுத்தமானியை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். முள் அசையாமல் நிற்க வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு மயிரிழை இறங்கியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி இறங்கியது. கண்ணுக்குத் தெரிந்த இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். எங்கேயும் குமிழி இல்லை. அப்படியென்றால் கசிவு பொய்க்கூரைக்கு மேலே. குழாயில் வரும் கேஸ் காற்றைவிட லேசு, மேலே ஏறித் தேங்கும். அதற்குக் கீழே நாள் முழுக்கக் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி.

ஒன்பதரை ஆகிவிட்டது. அக்கா பால் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் காத்திருந்தாள். அழுத்தமானியை எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோதானே இறங்கியிருக்கு? இத்தனை நாள் அவங்க ரெண்டு பேரும் இதுலதானே சமைச்சாங்க? பால மட்டும் காய்ச்சிடறேன், அப்புறம் பாரு. சைன் பண்ணுடா."

பேனாவை எடுத்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பழையபடி ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்துவிடுவாளோ என்கிற பயம், கூரைக்கு மேலே இருந்ததைவிட அந்த நிமிடம் எனக்குப் பெரிதாக இருந்தது. பேனா மூடியைத் திறந்தபோது பக்கத்துக் கடையில் முறுக்குப் பிழியும் பெண் ஒருத்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. பேனாவைப் பைக்குள் போட்டேன். அக்கா திரும்பிக்கொண்டாள்.

நேராகப் பலகாரக் கடைக்குப் போனேன். "கூரையைத் திறக்கணும்மா. இல்லேன்னா மூணு கடைக்கும் கேஸ் கிடையாது. நான் ரிப்போர்ட் பண்ணிடுவேன்."

"தீபாவளி ஆர்டர் அவ்வளவும் நிக்குது, இப்பப் போயி கூரையப் பிரிக்கச் சொல்றீங்களே. எந்த மடையன் போட்ட பைப்போ, நான் மாட்டிக்கிட்டேன்."

"எவனோ அரைவேக்காடு" என்று நானும் சேர்ந்துகொண்டேன். எனக்கும் அவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

ஒருவழியாக ஒத்துக்கொண்டார். பொய்க்கூரையின் இரண்டு பலகைகளைக் கழற்றிவிட்டு ஏணியில் நின்று தலையை உள்ளே விட்டேன். சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே போனேன். வளைவில் இருந்த இணைப்பில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பின. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன.

கீழே பரோட்டாக் கடைக்காரர், பலகாரக் கடை அம்மா, அக்கா மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெடச்சுதா? யாரு செஞ்ச வேலைடா அது?" என்றாள் அக்கா.

கோடுகளைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நினைக்காமல் இல்லை. இறங்கி வந்து, "நான் செஞ்ச வேலைதான்க்கா" என்றேன். பலகாரக் கடை அம்மா கழற்றிய பலகைகளைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா ரைஸ் குக்கரில் பாலை ஊற்றினாள். பொங்கியது. எல்லாருக்கும் கொடுத்தாள், எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். இணைப்பை அன்றே மாற்றினேன். சோதித்துக் கையெழுத்துப் போட வேறொருவரைக் கூப்பிட்டேன். மறுநாள் மூன்று கடையிலும் அடுப்பு எரிந்தது. அக்காவின் கடை நன்றாகத்தான் போகிறது. உரிமையாளர் கட்டத்தில் இன்னமும் அவள் கையெழுத்து மட்டும்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சோப்புத் தண்ணீர்ப் போத்தலோடு கிளம்பிவிடுகிறேன். குவீன்ஸ்டவுனில் ஒரு காப்பிக்கடை, தெம்பனிஸில் ஒரு பேக்கரி என்று பழைய வேலைகளை நினைவுபடுத்திப் போய் நிற்கிறேன். யார் கூப்பிட்டது என்று கேட்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை, அந்தக் குழாயை நான் போட்டேன், ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறேன். சிலர் ஏணி கொடுக்கிறார்கள்.