ஏழாவது இடுக்கு

அந்தப் பாலத்தில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருப்பார்கள். மொத்தம் பதினோரு இடுக்குகள். அவற்றில் சேரும் மண்ணையும் கல்லையும் கம்பியால் கிளறி எடுப்பதுதான் இருபது வருடமாக அவள் வேலை. பஸ் டிரைவர்கள் வைத்த பெயர், பல்குச்சி அக்கா.

விடிந்ததும் ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு மர ஆப்பைத் தளர்வாகச் சொருகுவாள். வெயில் ஏறியபின் ஆட்டிப் பார்த்தால் அசையாது. அத்தனை வண்டிகளையும் முதுகில் சுமந்தபடியே, யாருக்கும் தெரியாமல், பாலம் சோம்பல் முறித்து நீண்டிருக்கும். முதன்முதலாக அதைக் கண்ட அன்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கும் அது குறையவில்லை.

ஒருநாள் காலை ஏழாவது இடுக்கைக் காணோம். முந்தின நாள் ஒட்டுப்போட வந்த ஆட்கள் அதை விரிசல் என்று நினைத்து கான்கிரீட் போட்டுப் பூசி மெழுகியிருந்தார்கள். அவள் போன் செய்ததும் புது இன்ஜினியர் வந்து பார்த்தார்.

"நாளைக்கு ஆள் அனுப்பறேன்க்கா. அதுக்குள்ள பாலம் எங்க ஓடிப்போகப் போகுது?"

"ஓடாது சார், நீளும். இடமில்லன்னா உச்சி வெயில்ல ஓரம் வெடிச்சிரும். அப்புறம் பாலத்தையே மூட வேண்டி வரும். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வேற வழியே இல்ல."

அவர் சிரித்தார். அவள் அவரை ஆறாவது இடுக்குக்குக் கூட்டிப்போனாள்.

"விடிய வெச்ச ஆப்பு சார். எடுங்க, பாப்போம்."

இரண்டு விரலால் இழுத்தார். கையால் இழுத்தார். கடைசியில் காலை ஊன்றி இழுத்தார். ஆப்பு அசையவில்லை. நிமிர்ந்து, பாலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். சிரிப்பு போயிருந்தது. தடுப்பை அவரே இழுத்துவந்து முதலில் ஒரு பக்கத்தை அடைத்தார்.

அவள் சுத்தியலை ஓங்கினாள். பக்கத்தில் ஊர்ந்த பஸ்ஸிலிருந்து டிரைவர் தலையை நீட்டினான். அவள் கொழுந்தன்தான்.

"என்ன அண்ணி, பாலத்துக்குச் சொத்தைப் பல்லா?"

"ஆமாடா, அடுத்தது உனக்குத்தான். வண்டிய எடு!"

உச்சிக்கு முன்னால், மறுபக்கத்திலும் கடைசிக் கான்கிரீட் துண்டு பெயர்ந்து வந்தது. ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல், அவ்வளவுதான். இன்ஜினியர் குந்தி உட்கார்ந்து, காலி இடுக்கில் ஒரு ஆப்பைத் தளர்வாகச் சொருகினார். வெயிலில் அங்கேயே காத்திருந்தார். ஒரு மணிக்கு அதைத் தொட்டவர், தூங்குகிறவர் பக்கத்தில் பேசுவதுபோலச் சொன்னார்:

"புடிச்சிருச்சுக்கா."

தடுப்பை நகர்த்தினார்கள். முதல் வண்டியாக ஒரு ஆம்புலன்ஸ் ஏழாவது இடுக்கை டடக்கென்று தாண்டிப் போனது. அவள் கம்பியைத் துடைத்துக்கொண்டு எட்டாவதுக்கு நடந்தாள்.