பன்னிரண்டாவது கவிதை

அந்தக் கவிதைப் புத்தகம் மிக மெல்லியது. அட்டை கழன்று, பேராசிரியரின் கட்டில் ஓரத்தில் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதிய கன்னடக் குறிப்புகள். தூசு தட்டுவதற்குக்கூட என்னை எடுக்க விடமாட்டார்.

கனடாவில், மல்வேர்னில் இருந்து பஸ் மாறி மாறிப் பிக்கரிங்குக்குப் போய்வந்த காலம் அது. காலையில் அஜின்கோர்ட்டில் ஒரு வயோதிப அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டு, மத்தியானம் பேராசிரியர் வீட்டுக்குப் போவேன். படியேறும்போதே உடம்பு களைத்துவிடும். இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர் தார்வாடில் முப்பது வருடங்கள் கன்னட இலக்கியம் கற்பித்தவர், பெயர்பெற்ற விமர்சகர். அவர் என்ன எழுதப்போகிறாரோ என்று எழுத்தாளர்கள் நடுங்கிக்கொண்டிருப்பார்களாம், அவருடைய மகள் சொன்னாள். மனைவி இறந்தபின் மகளிடம் வந்தவரை அடுத்த வருடமே பக்கவாதம் தாக்கியது. வலது கை விழுந்தது. பேச்சுக் குழறியது. ஆங்கிலம் முழுவதும் போய்க் கன்னடம் மட்டும் மிஞ்சியது. மகளுக்கு அதைப் பேச வரும், எழுதத் தெரியாது. நான் கனடா வருமுன் இரண்டு வருடம் பெங்களூரில் விசாவுக்காகக் காத்திருந்தவள். அங்கே கடைத்தெருவில் பொறுக்கிய கன்னடம்தான் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

ஒருநாள் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அழத் தொடங்கினார்.

"என்ன சேர், தண்ணி சுடுதோ?" என்று பதறிப்போய்க் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். உடுப்பு மாற்றி இருத்தியபின், விட்டு விட்டுச் சொன்னார். அந்தப் புத்தகத்தின் பன்னிரண்டாவது கவிதை, படுக்கையில் கிடக்கும் மாமியாரை மருமகள் குளிப்பாட்டுவதைப் பற்றியது. எழுதியவர் அப்போது இளம்பெண். 'குளியலறையில் கவிதைக்கு என்ன வேலை?' என்று இவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த வரியைப் பலரும் சொல்லிச் சிரித்தார்களாம். அந்தப் பெண் அதன்பின் புத்தகமே போடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றார். அவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, கேட்ட ஒலியை நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். கன்னடத்தில் 'க' நான்கு; தமிழில் இருக்கும் ஒரே 'க' அவருக்குப் போதவில்லை. திரும்ப வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினார். ஒரு பக்கத்துக்கு மூன்று கிழமை போனது.

"எல்லாக் கவிதையும் நல்லது எண்டு எழுதுவமே, சேர்? அந்த மனிசி சந்தோசப்படுவா."

"பேட!" என்று கத்தினார். வேண்டாமாம். "பதினொன்று மோசம். ஒன்றில் நான் தவறு. அவ்வளவுதான் எழுது."

அவருடைய பழைய மாணவர் ஒருவர் மூலம் மகள் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்தாள். தமிழ் எழுத்தில் இருப்பதை அந்தப் பெண்ணால் வாசிக்க முடியாது; தபால் போய்ச் சேரும்வரை பொறுக்கப் பேராசிரியருக்கும் மனமில்லை. அஜின்கோர்ட் வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை காலை, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்து, நான் கடிதத்தை வாசித்தேன். பேராசிரியர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வாசித்தது யார்?" என்று கன்னடத்தில் ஒரு வயதான குரல் கேட்டது.

பேராசிரியரைப் பராமரிக்கிறவள் என்றேன்.

"குளிப்பாட்டுவதும் நீதானா?"

"ஓம்" என்று பழக்கதோஷத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

"முதுகு வலிக்கிறதா?"

நான் மகளைப் பார்த்தேன். பிறகு, வலிக்கிறது என்றேன்.

"எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தக் கவிதைக்குப் பிறகு மாமியார் ஒன்பது வருடம் இருந்தார். புத்தகம் போட நேரம் எங்கே? கடிதம் கிடைத்தது என்று அவரிடம் சொல்லு." போனை வைத்துவிட்டார்.

தன் ஒரு வரிதான் அந்தப் பெண்ணின் எழுத்தை நிறுத்தியது என்று பேராசிரியர் இவ்வளவு காலமும் நம்பியிருந்தார். அப்படி இல்லையென்று தெரிந்தது அவருக்கு ஆறுதலா, அடியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் ஜக்கெற்றைப் போடும்போதுதான் கேட்டார்.

"முதுகு வலிப்பதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, சேர்."

அதன்பின் இறக்கும்வரை, நான்கு மாதங்கள், நான் போகிற ஒவ்வொரு மத்தியானமும் கேட்டார். நோகவில்லை என்று பெரும்பாலும் பொய் சொன்னேன். ஒருநாளும் அவர் நம்பவில்லை.