மூன்றடி கிராவல்

பிள்ளைகளே, கடலூரில் கட்டுகிற வீட்டில் ஆளுக்கொரு ரூம் என்று சொல்லியிருந்தேன். இப்போது ஒரு ரூம்தான் என்றதும் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். எனக்கு நேரில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் மனை இருக்கிற நகர் முன்பு நெல்வயல். தாழ்வான இடம். மழைத் தண்ணீர் அங்கே வந்து நின்று, மெதுவாக வாய்க்காலுக்குப் போகும். அங்கே முதலில் வீடு கட்டியவர் உங்கள் மாமாதான். அப்போதிருந்த ரோட்டைவிட இரண்டு படி உயரமாகத்தான் கட்டினார். பிறகு ஜனம் பெருகியது. பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகள் வந்தார்கள், வேலைக்கு வந்தவர்கள் மனை வாங்கினார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைவிட ஓரடி கூடுதலாக மண் கொட்டினார்கள். ரோட்டையும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். இப்போது மாமா வீட்டுக்கு ரோட்டிலிருந்து இறங்கித்தான் போக வேண்டும். தண்ணீர் வெளியேற மிச்சமிருந்த ஒரே வழி பக்கத்திலிருக்கும் நம் மனை.

"ரோட்டுக்கு மேல மூணடி ஏத்திடுங்க சார். நாளைக்கு ரோடும் ஏறும், அப்புறம் நீங்கதான் பள்ளத்துல கெடப்பீங்க" என்றார் கொத்தனார். சரியென்று கிராவல் மண்ணுக்குச் சொன்னேன். முதல் நாள் வந்த லோடுகளை மாமா வீட்டு ஓரமாகக் கரை மாதிரி கொட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடியும்போதே மழை. நான் சிதம்பரத்திலிருந்து போய்ச் சேரும்போது மாமா வீட்டு ஹாலுக்குள் தண்ணீர். கேஸ் சிலிண்டர் கட்டில் மேல் இருந்தது. அத்தை துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா. செருப்பு கழட்ட வேணாம், அப்படியே நீந்தி வாங்க" என்றார் உங்கள் மாமா.

"லாரிய நிறுத்தச் சொல்றேன் மச்சான்."

"நிறுத்திட்டு? உங்க புள்ளைங்க தண்ணியிலயா படுக்கும்? நீங்க ஏத்துங்க. நானும் இத இடிச்சிட்டு ஏத்திக்கிறேன். எல்லாரும் ஏத்திக்கினே போவோம், வானத்துல முட்டுற வரைக்கும்."

அத்தை சிரிக்கவில்லை.

அந்த மண் கேப்பர் மலைப் பக்கத்து மண். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், சிவப்பாக வெட்டி நிற்கும். மேலே ஒரு முந்திரி மரம் வேர் அந்தரத்தில் தொங்க நிற்கும். பெரியவள் இயற்கை வளம் என்று மனப்பாடம் செய்கிறாளே, அதுதான். அங்கே பள்ளம் தோண்டி இங்கே மேடு, இங்கே மேடு போட்டால் மாமா வீடு குளம்.

அங்கிருந்தே கொத்தனாருக்குப் போன் போட்டேன். மண் வேண்டாம், தூண் எழுப்பி மேலே கட்டுவோம், கீழே தண்ணீர் போகட்டும் என்றேன். "கம்பி ஜாஸ்தி புடிக்கும் சார். அதே காசுல ஒரு ரூம் கொறையும்" என்றார். தூணுக்கும் மணல் வேண்டும், அதுவும் எங்கோ ஓர் ஆற்றிலிருந்துதான் வரும். எதிர் மனைக்காரர் நான்கடி ஏற்றப்போகிறாராம். அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மழை விட்டதும் மாமாவும் அத்தையும் கட்டில் மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மம்மட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கிராவல் கரையை நடுவில் வெட்டினேன். ஈர மண், கை எரிந்தது. ஒரு முழ அகலம் திறந்ததும் மாமா வாசலில் நின்ற தண்ணீர் கலங்கலாக நம் மனைக்குள் இறங்கியது. அந்த இரண்டாவது ரூம் வரவேண்டிய மூலைதான் முதலில் நிறைந்தது.