பென்சிலில் எழுதிய நூற்றுத் தொண்ணூறு

காலண்டரில் அதற்கு இலையுதிர் காலம் என்று பெயர். அந்தக் கடற்கரை ஊரில் இலை எதுவும் உதிர்வதில்லை. வெயில் கொஞ்சம் தணியும், காற்று திசை மாறும், அலமாரிக்குள் மடித்து வைத்த துணிகூட ஈரவாடை அடிக்கும். பிறகு வானம் பொத்துக்கொள்ளும். அந்த மூன்று மாதத்தில் எவ்வளவு பெய்கிறது என்று அளந்து எழுதுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவளுடைய வேலை. தெருவில் அவளுக்கு மழைக்காரி என்று பெயர். மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள்.

"என்ன மழைக்காரி, இன்னிக்குத் துணி காயப்போடலாமா?"

"போடுங்க போடுங்க. நனைஞ்சா இன்னொரு தடவை அலசின மாதிரி ஆச்சு."

அதெல்லாம் போன வருடம் வரைக்கும். இப்போது யார் கேட்டாலும், "எனக்கென்ன தெரியும்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறாள்.

வானிலை அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு கணினி, பின்புறம் வேலி போட்ட புல்தரை. புல்தரை நடுவில் மழைமானி: மேலே புனல், உள்ளே பாட்டில். தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலில் இருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, பதிவேட்டில் மையால் எழுத வேண்டும். மழைக்கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சில் துண்டும் எப்போதும் இருக்கும். கொட்டுகிற மழையில் நின்று எழுதினால் மை கரைந்து ஓடிவிடும். பென்சில் ஓடாது.

போன வருடம் பருவம் தொடங்கும் முன்பு தம்பி வீட்டுக்கு வந்தான். தெருவைவிட மூன்று படி தாழ்வான ஓர் அறையில் தையல்கடை வைத்திருந்தான். ஆறு மெஷின், ஆறும் மோட்டார் போட்டவை.

"அக்கா, இந்த வருஷம் மழை எப்படி? மெஷினெல்லாம் மாடிக்கு ஏத்தணுமா?"

பருவ முன்னறிவிப்பு அவள் கைப்பையிலேயே இருந்தது. நானூற்றைம்பது மில்லிமீட்டரை ஒட்டி, இயல்பான மழை.

"இயல்புன்னு போட்டிருக்காங்கடா. வீணா இடுப்ப ஒடிச்சுக்காத."

"உங்க ஆபீஸ் இயல்பு எனக்குத் தெரியாதா? நீ ரெண்டு கோழி தின்ப, நான் பட்டினி கிடப்பேன், சராசரிக்கு ஆளுக்கு ஒரு கோழின்னு எழுதுவீங்க. அந்தப் பேப்பர நம்பியா விடச் சொல்ற?"

"பேப்பர நம்பாட்டி போ. என்னை நம்பு."

நம்பினான்.

பருவத்தில் பாதி நாள் சொட்டு மழை இல்லை. அப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள். காலை பத்து மணிக்குப் பிடித்த மழை மதியம் இரண்டுக்கும் விடவில்லை. எட்டிப் பார்த்தாள், பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வழிந்து கணக்கில்லாமல் போய்விடும். மழையிலேயே நின்று அளந்தாள். நூற்றுத் தொண்ணூறு. நோட்டில் பென்சிலால் எழுதிவிட்டுப் பாட்டிலைக் காலி செய்து திரும்ப வைத்தாள். சாலையெல்லாம் முங்கிப் போனதால் அன்று இரவு அலுவலகத்திலேயே தங்கினாள். மறுநாள் எட்டரைக்குப் பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர், இருநூற்றுப் பதினான்கு. அதைப் பதிவேட்டில் மையால் எழுதினாள். நனைந்த நோட்டு காய்ந்ததும் பென்சில் கணக்கையும் கூட்டி எழுதலாம் என்று மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்தாள்.

நோட்டு காய்வதற்குள் தம்பி கடைத் தெருவிலிருந்து சேதியோடு ஆள் வந்துவிட்டார். முந்தைய நாள் சாயங்காலம் கடைக்குள் முழங்கால் தண்ணீர். மெஷின்களைத் தூக்கி மேசைமேல் வைக்கத் தம்பி உள்ளே இறங்கியிருக்கிறான். மின்சாரம் தண்ணீரில் இருந்தது.

இரண்டு வாரம் அவள் வேலைக்குப் போகவில்லை. அதற்குள் அதிகாரி மாதக் கணக்கை முடித்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த நாளுக்கு நேரே இருநூற்றுப் பதினான்கு. பென்சில் கணக்கு விட்டுப்போனதைத் திரும்பி வந்த அன்றே சொன்னாள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த வருடப் பருவம் தொடங்கப் பத்து நாள் இருந்தபோது, தட்டச்சு செய்த ஒரு தாளை அவள் மேசையில் வைத்தார்.

"சென்ற பருவ மொத்த மழை 468 மில்லிமீட்டர். இயல்பு. முன்னறிவிப்பு சரியாக அமைந்தது." கீழே அளந்தவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

அவள் மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை; காதுக்குள் குப்பென்று சூடேறியது.

"சரியா அமைஞ்சுதா சார்?"

"ஒரு கையெழுத்துதானேம்மா. இந்தக் கணக்கு போனாத்தான் இந்த வருஷ அறிவிப்பே வெளியிட முடியும்."

"நூத்தித் தொண்ணூறு எங்க சார்?"

"அது பென்சில்ல எழுதினது. எட்டரை மணி கணக்கும் இல்ல. பதிவுன்னு அத எப்படிச் சேர்க்கிறது?"

"எட்டரை மணிக்கு மட்டும்தான் பெய்யணும்னு மழைக்கு யாராவது சுற்றறிக்கை அனுப்பினீங்களா?"

அவர் முகம் சுண்டியது. கெட்ட மனிதர் இல்லை. தம்பி போனபோது வீட்டுக்கு வந்து ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர்தான். அதை நினைத்ததும் அவளுக்கு ஆத்திரம் இரண்டு மடங்காகியது. அழத் தெரிகிறது, ஓர் எண்ணைக் கூட்டத் தெரியவில்லை.

"கோபத்துல பேசாதம்மா. அதச் சேர்த்தா அறுநூத்தி அம்பத்தெட்டு ஆகும். இயல்பைவிட நாப்பத்தாறு சதவீதம் அதிகம். அறிவிப்பு தப்புன்னு ஆயிடும். போனவன் திரும்பியா வரப்போறான்?"

"வரமாட்டான் சார். அவன் முழங்கால்வரைக்கும் நின்ன தண்ணி, உங்க தாள்ல பெய்யவே இல்லையே. அப்ப அவன் எதுல நின்னு செத்தான்? வெயில்லயா?"

அவள் எழுந்து போய்ப் பழைய பதிவேட்டை எடுத்து வந்தாள். அதன் அட்டையின் உட்புறத்தில் விதிகள் ஒட்டியிருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு அவை மனப்பாடம். ஆறாவது விதி: எதையும் அழிக்கக் கூடாது, அளந்தவர் மட்டுமே திருத்தலாம், திருத்தியவர் காரணம் எழுதிப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்.

"அளந்தது யாரு சார்? நீங்களா, நானா?"

பொரிந்து சுருண்டிருந்த நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்தாள். பென்சில் எழுத்து முதல் நாள் போலவே இருந்தது. இருநூற்றுப் பதினான்கின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் நானூற்று நான்கு என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'மதியம் இரண்டு மணிக்குப் பாட்டில் நிறைந்ததால் இருமுறை அளந்தது. கூட்டத் தவறியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழிக்காதது அதிசயம்.

"மேலிடத்துல கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"என் தப்புன்னு சொல்லுங்க. என் தப்ப நான் எழுதிட்டேன். இப்ப நீங்க உங்க தாள மாத்துங்க."

கணினி முன்னால் உட்கார்ந்தார். 658 என்று அடித்தார். 'இயல்பைவிட மிக அதிகம்' என்று அடித்தார். கடைசி வாக்கியத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்.

"அத எடுக்காதீங்க. 'முன்னறிவிப்பு தவறியது'ன்னு போடுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அப்போதுதான் கையெழுத்துப் போட்டாள். மனம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஒரு மண்ணும் ஆறவில்லை.

நான்கு நாளில் புதிய அறிவிப்பு வந்தது. இந்த வருடமும் இயல்பான மழை. அதை மடிக்கக்கூட இல்லை. கசக்கிப் பையில் திணித்துக்கொண்டு நேராகத் தையல்கடைக்குப் போனாள். கடையை இப்போது தம்பி மனைவிதான் நடத்துகிறாள். வாயில் ஊசியோடு நிமிர்ந்து பார்த்தவள், ஊசியை எடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணி... இந்த வருஷம் எப்படின்னு போட்டிருக்காங்க?"

"எப்படிப் போட்டா உனக்கென்ன? அந்தப் பக்கம் பிடி."

"இப்பவேவா? வெயிலு கொளுத்துதே."

"பிடிடீன்னா!"

மாடிக்குப் பதினொரு படி. முதல் மெஷினை ஏற்றும்போதே சுவரில் உரசி விரல்முட்டி தோலுரிந்தது. "மெதுவா, அண்ணி" என்றாள் மற்றவள். மெதுவாக எதையும் செய்கிற நிலையில் அவள் இல்லை. நான்காவதையும் ஏற்றி வைத்து மூச்சு வாங்கியபோது எதிர் மாடியிலிருந்து ஒரு குரல் சிரித்தது.

"என்ன மழைக்காரி, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல, மெஷினத் தூக்கிட்டு ஓடுறீங்க?"

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"கீழ இன்னும் ரெண்டு இருக்கு. சிரிச்சு முடிச்சுட்டு எறங்கி வந்து ஒரு கை பிடிங்க."